வாசிகசாலையில் தொடங்கிய 43 பக்கம்

நாங்கள் மூன்று பேர். கம்பஸுக்குப் பின்பக்கத்து ஒழுங்கையில், ஒரு அன்ரியின் வீட்டுப் பின் அறையில் இரண்டரை வருடமாக இருக்கிறோம். மூவரும் கலைப்பீடம். எங்களில் ஒருத்திக்கு இருமுனைப் பிறழ்வு. பைபோலர் எண்டு சொன்னால்தான் இப்ப எல்லாருக்கும் விளங்குது. யாருக்கு என்று இதில் எழுதமாட்டோம். 'நாங்கள்' என்று எழுதுகிற இடமெல்லாம் அவளும் அதற்குள் இருக்கிறாள். இதை எழுதுவம் என்று முதலில் சொன்னது அவள்தான். எழுதினதை வாசித்துவிட்டு இரண்டு இடத்தை வெட்டச் சொன்னதும் அவள்தான். வெட்டிவிட்டோம்.

எங்கட பச்சில் யாராவது காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு கதைச்சால் "உனக்கென்ன பைபோலரோ?" என்று பம்பலடிப்பார்கள். நாங்களும் அடித்திருக்கிறோம். ஒருநாள் சிரிப்பு, மற்றநாள் அழுகை என்றுதான் அந்த வருத்தத்தை விளங்கி வைத்திருந்தோம். உண்மையில் மனநிலை ஒரே நாளில் அப்படித் தாவுவதில்லை. மேனியா என்று மருத்துவர்கள் சொல்ல அது குறைந்தது ஒரு கிழமையாவது நிற்கவேண்டும், மனச்சோர்வு இரண்டு கிழமை. பல பேருக்கு அது மாதக்கணக்கில் நீளும். ஆனால் எங்களுக்கு இன்னும் பிந்தித்தான் விளங்கிய விடயம் வேறு. இந்த வருத்தம் மனநிலையோடு சேர்த்து யோசனையையும் பிடிக்கிறது. கவனம், ஞாபகம், ஒரு வேலையை ஒழுங்குபடுத்திச் செய்கிற திறன் எல்லாம் அதற்குள் வருகிறது. படிக்கிற பிள்ளைக்கு அதுதான் பெரிய அடி. அதைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

43 பக்கத்திலிருந்து தொடங்குவோம்.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் ஒரு அசைன்மென்ட். கிராமத்து வாசிகசாலைகளின் சமூகப் பங்கு, எட்டுப் பக்கத்துக்கு மேற்படாமல். அவள் இரவு ஒன்பது மணிக்கு இருந்தாள், விடிய ஐந்து மணிக்கு 43 பக்கம். பேனை ஓடுகிற சத்தத்தில் நாங்கள் இரண்டு தரம் முழித்துப் பார்த்தோம். காலமை குளித்து, பூ வைத்து, எங்களுக்கும் பிளேன்ரீ போட்டுத் தந்துவிட்டு லெக்சருக்குப் போனாள். நித்திரையே இல்லை, களைப்பும் இல்லை. எங்களுக்குப் பொறாமை. உண்மையைச் சொன்னால் அவளுக்கு ஏதோ வரம் கிடைத்திருக்கிறது என்றுதான் நினைத்தோம்.

அந்தக் கொப்பி இன்னும் எங்களிடம் இருக்கிறது. போன மாதம் மூன்று பேரும் இருந்து முழுக்க வாசித்தோம். முதல் ஐந்து பக்கம் நல்ல எழுத்து, பொய் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வாசிகசாலையில் இருந்து 'வாசி' என்கிற மூச்சுக்குப் போகிறாள். வாசியில் இருந்து வாசலுக்கு. வாசலில் கோலம், கோலத்தில் புள்ளி, புள்ளியில் இருந்து இசட் புள்ளி, அதிலிருந்து பல்கலைக்கழக அனுமதியில் உள்ள மாவட்டக் கோட்டா. பிறகு திரும்பவும் வாசம், வாசுகி, பாற்கடல், பால்மா விலை. ஒவ்வொரு தாவலிலும் ஒரு தொடுப்பு இருக்கிறது. ஆனால் அந்தத் தொடுப்பைச் சொல்லின் ஓசை போடுகிறது, பொருள் பின்னால் இழுபடுகிறது. மேனியாவில் இது வழமையாக நடக்கிற ஒன்று. யோசனை வேகமாக வரும், பக்கத்தில் வருகிற வேறொன்றைத் தள்ளிவைக்கிற வேலை நடக்காது. எல்லாமே சமமான முக்கியத்தோடு உள்ளே வரும். வெளியே கோழி கூவினாலும் அது கட்டுரைக்குள் வந்துவிடும். (உண்மையாகவே வந்திருக்கிறது. 31ஆம் பக்கம்.)

இதை வாசித்தபோது எங்களுக்கு ஷுமானின் ஞாபகம் வந்தது. ரொபேர்ட் ஷுமான், ஜெர்மன் இசையமைப்பாளர். 1840 என்கிற ஒரே வருடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களுக்கு இசையமைத்தவர், 1844இல் கிட்டத்தட்ட ஒன்றுமே எழுதாதவர். 1854இல் ரைன் ஆற்றில் குதித்து, காப்பாற்றப்பட்டு, இரண்டு வருடம் மனநல விடுதியில் இருந்து அங்கேயே இறந்தார். அவருக்கு இருந்தது என்ன வருத்தம் என்பதில் இன்றைக்கும் விவாதம் இருக்கிறது. ரொபேர்ட் வைஸ்பேர்க் என்கிற உளவியலாளர் 1994இல் ஒரு கணக்குப் பார்த்தார். உற்சாகமாக இருந்த வருடங்களில் ஷுமான் எழுதின படைப்புகள் எத்தனை, சோர்ந்திருந்த வருடங்களில் எத்தனை, ஒவ்வொன்றையும் பிற்காலத்தில் எத்தனை தரம் இசைத்தட்டில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று. உற்சாக வருடங்களில் எண்ணிக்கை பலமடங்கு கூடியிருந்தது. ஆனால் ஒரு படைப்பின் தரம், அதாவது எத்தனை பேர் அதைத் திரும்ப வாசிக்க விரும்பினார்கள் என்பது, கூடவில்லை. 'பைத்தியமும் மேதைமையும் அண்ணன் தம்பி' என்று பேஸ்புக்கில் போடுகிற ஆக்களுக்கு இதை வாசிக்கக் குடுக்கவேணும்.

அந்த நாட்களில் கட்டுரை மட்டும் நீளவில்லை. பச் ட்ரிப்புக்கு ரீ சேட் அடிக்கக் காசு சேர்த்தோம், பொறுப்பு அவளிடம். நாற்பது பேருக்கு நூற்றிருபது சேட்டுக்கு ஓடர் குடுத்து, அட்வான்ஸும் கட்டி, தன் மகாபொலக் காசையும் அதில் போட்டுவிட்டாள். மிச்சத்தை மற்றப் பீடங்களுக்கு விக்கலாம் என்று கணக்கு. அந்தக் கணக்கில் விற்காமல் போகிற சேட் என்று ஒரு நிரலே இல்லை. இங்கிலாந்தில் 1999இல் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். திரையில் சந்தோஷமான சொற்களும் துக்கமான சொற்களும் மாறிமாறி வரும், சொன்ன வகைக்கு மட்டும் பொத்தானை அமத்தவேணும். மேனியாவில் இருந்தவர்கள் சந்தோஷச் சொல்லுக்கு வேகமாக அமத்தினார்கள். மனச்சோர்வில் இருந்தவர்கள் துக்கச் சொல்லுக்கு. ஒரே திரைதான். கண் எதைப் பொறுக்குது என்பதே மாறிவிடுகிறது. நட்டம் அவள் கண்ணில் படவே இல்லை. காசைத் திருப்பிக் கட்ட எங்களுக்கு ஐந்து மாதம் பிடித்தது. பச்சில் சிலர் அவளைக் கள்ளி என்றும் சொன்னார்கள்.

பிறகு வார்ட். அவளுடைய அம்மா வந்து நின்று திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே வசனம்: "ஏ.எல்.ல மூண்டு ஏ எடுத்த பிள்ளை, தம்பி." வார்டில் நின்ற தாதியைத்தான் தம்பி என்றா. மாமா ஒருவர் "படிச்சுப் படிச்சு மூளை குழம்பிட்டுது" என்றார். கோயிலில் நூல் கட்டினார்கள். அதில் எங்களுக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை, அம்மாவுக்கு அந்த நேரம் செய்ய ஏதாவது வேண்டியிருந்தது. ஆனால் 'கெட்டிக்காரப் பிள்ளைக்கு எப்பிடி?' என்கிற கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. சுவீடனில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் 16 வயதுப் பெறுபேறுகளை எடுத்து, பிற்காலத்தில் யாருக்கு இந்த வருத்தம் வந்தது என்று பார்த்தார்கள், 2010இல் வெளியானது. ஆக உயர்ந்த பெறுபேறு எடுத்தவர்களுக்கு, நடுத்தரமாக எடுத்தவர்களைவிட ஏறத்தாழ நாலு மடங்கு. ஆகக் குறைந்த புள்ளி எடுத்தவர்களுக்கும் கூடுதல்தான். நாலு மடங்கு என்றாலும் மிகச் சின்ன எண்ணின் நாலு மடங்கு, யாரும் பயப்படத் தேவையில்லை. படித்ததால் குழம்பவில்லை என்பதற்குத்தான் சொல்கிறோம்.

மேனியா இறங்கி மனச்சோர்வு வந்தது. அதைப் பற்றிக் கனக்க எழுதவேண்டாம் என்றாள். ஆகவே ஒன்றிரண்டு. கன்ரீனில் பருப்பா சம்பலா என்று கேட்டால் வரிசையை மறித்துக்கொண்டு நிற்பாள். அழவில்லை, யோசித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் நிற்கிறவன் கத்துவான். ஒரே பந்தியை நாலு தரம் வாசித்துவிட்டு "கடைசி வரிக்கு வரேக்க முதல் வரி போயிடுது" என்பாள். கேள்வி கேட்டால் பதில் வரும், ஆனால் கொழும்பில் இருந்து பஸ்ஸில் வருகிற மாதிரி வரும். அவளைக் கலகலப்பாக்க "ஸ்கூல்ல ஒரு நல்ல நாளைச் சொல்லன்" என்று கேட்டோம். "ஸ்கூல் நல்லாத்தான் இருந்தது" என்றாள். ஒரு நாளைச் சொல்லு, ஒரே ஒரு நாள். "விளையாட்டுப் போட்டியள் நல்லா இருக்கும்." அவளால் ஒரு குறித்த நாளுக்குள் இறங்க முடியவில்லை. எங்களை ஒதுக்குகிறாள் என்று கோபம்கூட வந்தது. 1986இல் மார்க் வில்லியம்ஸ், கீத் புரோட்பென்ட் என்கிற இருவர் இதையே எழுதியிருக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்று தப்பியவர்களிடம் குறித்த சம்பவங்களைக் கேட்டபோது, பொதுப்படையான ஞாபகமே கூடுதலாக வந்தது. மனச்சோர்வில் பிறகு பலரும் இதைக் கண்டிருக்கிறார்கள். நல்ல நாள் ஒன்று இருந்தது என்பதற்குச் சாட்சியே கைக்கு எட்டாமல் போனால், இனி நல்ல நாள் வரும் என்று எதை வைத்து நம்புவது? அந்த இடத்தில் யாராவது நின்றால் 1926க்கு எடுங்கோ. தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம்.

அதன் பிறகுதான் நாங்கள் பிழைவிட்ட காலம் வருகிறது.

அவளுக்கு லித்தியம் குடுத்திருந்தார்கள். இது பழைய மருந்து. அவுஸ்திரேலியாவில் ஜோன் கேட் என்கிற மருத்துவர் 1949இல் மேனியா நோயாளர்களுக்குக் குடுத்துப் பார்த்து எழுதினார். அவர் இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்து திரும்பியவர். வரலாறு படிக்கிறபடியால் இப்படியானவை எங்களுக்கு ஒட்டிக்கொள்ளும். லித்தியம் நன்றாகவே வேலை செய்தது. சிரித்தாள், சண்டை பிடித்தாள், தலைமயிர் வெட்டப் போனாள். எல்லாரும் "இப்ப சுகம்தானே" என்றார்கள். கிளினிக் கொப்பியிலும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் லெக்சர் முடிந்து வெளியே வந்தால் பாதி இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு சொல்லைத் தேடி நிற்பாள், அதுவும் 'சுற்றுநிருபம்' மாதிரிச் சொல் இல்லை, 'அகப்பை'. மூன்று அசைன்மென்ட் இருந்தால் எதை முதல் செய்வது என்று தெரியாமல் மேசையை அடுக்குவாள். நாங்கள் என்ன நினைத்தோம்? பஞ்சி என்று. ஒருத்தி அதை அவளுக்கு முன்னாலேயே சொன்னாள். வருத்தம் மாறிட்டுது, இனி என்ன சாட்டு?

எமில் கிரெப்பலின் 1899இல் இந்த வருத்தத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டியதே இப்படி நினைத்துத்தான். புத்தி படிப்படியாகக் கெட்டுப்போகிற வருத்தம் ஒரு பக்கம், அலை அலையாக வந்து நடுவில் பழையபடி தெளிகிற வருத்தம் மறுபக்கம். நூறு வருடம் அந்த 'நடுவில் தெளிவு' பெரிதாகக் கேள்வி கேட்கப்படவில்லை. 2004இல் பார்சலோனாவில் மார்த்தினெஸ்-அரான் குழுவினர் மேனியா நிலையில் 34 பேர், மனச்சோர்வில் 30 பேர், இரண்டும் இல்லாத சமநிலையில் 44 பேர், வருத்தம் இல்லாத 30 பேர் என்று எடுத்து ஒரே சோதனைகளை எல்லாருக்கும் குடுத்தார்கள். சொற்பட்டியலை ஞாபகம் வைக்கிறது, திட்டமிடுகிறது மாதிரியானவற்றில் மூன்று நோயாளர் குழுவும் பின்தங்கியது. சமநிலையில் இருந்தவர்களும்தான். வேலை, உறவு, நாளாந்த வாழ்க்கை சரியாகப் போகிறதா என்பதோடு கூடத் தொடர்புபட்டு நின்றது அந்தச் சொல் ஞாபகம். எல்லாருக்கும் அப்படி இல்லை, ஒன்றுமே பாதிக்காத பலர் இருக்கிறார்கள். ஆனால் அவள் எங்களிடம் பொய் சொல்லவில்லை.

இதெல்லாம் இப்ப தெரியும். அப்ப தெரியாது. அப்ப அவள் சொன்னது: "இந்தக் குளிசை மூளைக்கு மேல சாக்குப் போட்டு மூடின மாதிரி இருக்கு." பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது நிப்பாட்டினாள். எங்களில் ஒருத்தி குளிசைச் சரை குறையாமல் கிடப்பதைக் கண்டாள். மற்றவளிடமும் சொன்னாள். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்றால், அவள் கெட்டிக்காரியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். சொற்கள் வந்தன. மூன்றாம் கிழமை அவள் எங்கள் அறையில் குப்பி வைத்தாள், பச்சில் பதினைந்து பேர் நிலத்தில் இருந்து கேட்டோம். முழுப் பாடத்தையும் இரண்டு இரவில் கொட்டினாள். ஆண்டு, பெயர், வாதம், எதிர்வாதம். யாரும் லெக்சரில் இவ்வளவு விளங்கினதில்லை. இரவு பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. நித்திரை குறைவதே மேனியாவைத் தூண்டுகிற பெரிய காரணங்களில் ஒன்று என்று கிளினிக்கில் எங்களுக்கு முன்னால்தான் அவளுக்குச் சொன்னார்கள். எங்களுக்கு அந்த நோட்ஸ் தேவைப்பட்டது.

பரீட்சை மூன்று மணித்தியாலம், நாலு கேள்வி. அவள் முதல் கேள்வியிலேயே மூன்று மணித்தியாலமும் இருந்தாள். மேலதிகத் தாள் கேட்டுக் கேட்டுக் கை தூக்கினது எங்களுக்குத் தெரிந்தது. மற்ற மூன்று கேள்விக்கும் இலக்கம்கூடப் போடவில்லை. வெளியே வந்து "சூப்பர் பேப்பர்" என்றாள். நாலு நாளில் திரும்பவும் வார்ட்.

அந்தப் பாடத்தில் எங்களில் இரண்டு பேருக்கு ஏ. அவளுக்கு ஈ.

எழுதின பரீட்சைக்கு மெடிக்கல் குடுக்கேலாது என்றார்கள். திரும்ப எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி-தான் அதிகபட்சம். மற்றப் பாடங்களுக்கு மெடிக்கல் குடுக்கலாம், ஆனால் அந்தத் தாளில் வருத்தத்தின் பெயர் இருக்கும், தாள் மூன்று மேசை தாண்டிப் போகும், ஒரு மேசையில் அவளுடைய ஊர் ஆள் இருக்கிறார். அவள் இரண்டு நாள் யோசித்துவிட்டுக் குடுத்தாள். நாங்களும் கூடப் போனோம்.

வார்டில் இரத்தம் சோதித்தபோது இன்னொன்று தெரிந்தது. அவளுக்குத் தைரொயிட் குறைந்திருந்தது. லித்தியம் சிலருக்கு அப்படிச் செய்யும், அதனால்தான் லித்தியத்தின் அளவோடு சேர்த்து தைரொயிட்டையும் சிறுநீரகத்தையும் குறித்த காலத்துக்கு ஒருக்கால் பார்க்கச் சொல்கிறார்கள். அவள் ஒரு தடவையைத் தவறவிட்டிருந்தாள். தைரொயிட் குறைந்தாலும் தலை மந்தமாகத்தான் இருக்கும். சாக்கு என்று அவள் சொன்னதில் எவ்வளவு வருத்தம், எவ்வளவு லித்தியம், எவ்வளவு தைரொயிட் என்று டொக்டராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் "மந்தமா இருக்கு எண்டு எனக்குச் சொல்லியிருந்தா ஏதாவது செய்திருக்கலாம் பிள்ளை. திடீரெண்டு நிப்பாட்டுறதுதான் ஆகலும் ஆபத்து" என்றார். கேய் ரெட்ஃபீல்ட் ஜேமிசன் என்று ஒரு அமெரிக்க உளவியலாளர் இருக்கிறார், அவருக்கே இந்த வருத்தம். 1995இல் எழுதின தன் நினைவுக் குறிப்பில், கூடின அளவில் லித்தியம் எடுத்த காலத்தில் பல வருடம் ஒரு புத்தகத்தை ஒழுங்காக வாசிக்க முடியாமல் இருந்ததையும், அளவு குறைத்த பிறகு வாசிப்புத் திரும்பி வந்ததையும் சொல்கிறார். அளவைக் குறைத்தார், மருந்தைக் கைவிடவில்லை. இந்தக் கதையை அவளுக்குச் சொன்னது நாங்கள். பரீட்சைக்கு முதல் சொல்லியிருக்கவேண்டிய கதை.

இப்ப தைரொயிட்டுக்கும் ஒரு குளிசை. லித்தியத்தின் அளவையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள். வெயிலில் அலைந்தால் தண்ணி குடிக்கச்சொல்லித் துரத்துகிறோம், ஏனென்றால் உடம்பில் நீர் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் கூடும். தலையிடிக்கு பனடோல் மட்டும், இபுபுரூஃபன் வகை வேண்டாம் என்று கிளினிக்கில் சொன்னதைக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம். லெக்சரை அனுமதி கேட்டு போனில் பதிகிறாள். பார்சலோனாக்காரர் இந்த மாதிரி ஞாபகத்துக்கும் திட்டமிடலுக்கும் 21 கிழமைப் பயிற்சி ஒன்றே செய்து வைத்திருக்கிறார்கள். இங்கே அவளுக்குக் கிடைத்தது மாதத்தில் ஒரு கிளினிக் நாளும் நாங்கள் இரண்டு பேரும். குப்பி ஒன்பது மணிக்கு முடியும். பச்சில் சிலருக்கு அதில் கோபம். நாங்கள் ஒரு காரணமும் சொல்வதில்லை.

போன சனிக்கிழமை மழை, கரண்டும் இல்லை. அந்தச் சொற்பட்டியல் சோதனையை நாங்களே செய்து பார்ப்பம் என்றாள். 16 சொல், நாலு வகை, கலந்து வாசிக்கவேணும். காய்கறி, மீன், மரம், குசினிச் சாமான். கிட்டத்தட்ட அப்படித்தான் அசல் சோதனையும். வாசித்துவிட்டுச் சொல்லச்சொன்னால் முதல் தரம் எங்களில் ஒருத்திக்கு 10, ஒருத்திக்கு 8, அவளுக்கு 7. மனதுக்குள் வகைபிரித்துப் போட்டால் கூடச் சொல்லலாம் என்பதுதான் அதில் உள்ள சூட்சுமம். இந்த வருத்தம் உள்ள பலருக்கு அந்த வகைபிரிப்புத் தானாக நடப்பதில்லையாம். ஆகவே சத்தமாகவே பிரித்துச் சொல்லிக்கொண்டு திரும்பச் செய்தாள். ஐந்தாம் தரம் 15. மிஞ்சின ஒன்று மீன். பாரை, விளை, சூடை சொல்லிவிட்டாள். நாலாவதைச் சொல்லவேண்டாம் என்று எங்களுக்குக் கையைக் காட்டினாள். மெழுகுதிரி முடியுமட்டும் யோசித்தாள். வரவில்லை. படுத்துவிட்டோம்.

விடியக் கிணற்றடியில் பல்லு விளக்கிக்கொண்டு நின்றவள் வாயில் நுரையோடு "திருக்கை!" என்று கத்தினாள். வீட்டுக்கார அன்ரி மீன்காரர் வந்திட்டார் எண்டு சட்டியோட வெளிய வந்தா.